தூணுக்கு ஒரு பார்க்கிங்

எங்கள் அபார்ட்மென்ட்டில் மொத்தம் எட்டு கார் பார்க்கிங். ஏழில் கார் நிற்கிறது. எட்டாவதில் தூண் நிற்கிறது. அது எங்களுடையது.

சிரிக்காதீர்கள். எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி ஏற்கெனவே தேவையான அளவு சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, "என்னம்மா, உங்கப்பாவுக்கு..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் "ஷுகர் எல்லாம் நார்மல்தானே?" என்று முடித்தார்.

இந்த அபார்ட்மென்ட் நிற்கிற இடத்தில்தான் தாத்தா கட்டிய ஓட்டு வீடு இருந்தது. ஊர் திருமுல்லைவாயல். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில், ரயிலில் தூங்கினால் தவறவிட்டுவிடுகிற ஊர். திண்ணையில் இரண்டு மரத்தூண்கள். பாட்டி தூண் என்று சொல்லவே மாட்டாள். கால்தான். "அந்தத் திண்ணைக்காலைப் பிடிச்சுக்கிட்டு சுத்தாதேடி, தலை சுத்தும்" என்பாள்.

வலது பக்கத் தூண்தான் நான் பார்த்த முதல் லெட்ஜர். பால்காரம்மா தினமும் அரை லிட்டருக்கு ஒரு கரிக்கோடு இழுத்துவிட்டுப் போவார். அம்மா தன் பங்குக்குக் காலண்டரில் ஒரு புள்ளி வைப்பாள். மாசக் கடைசியில் கோடும் புள்ளியும் டேலி ஆக வேண்டும். ஆகாது. அப்புறம் நான் பி.காம். சேர்ந்து டபுள் என்ட்ரி படித்தபோது, எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆனதும் அப்பா வீட்டை புரமோட்டரிடம் கொடுக்கச் சம்மதித்தார். ஓடு போச்சு, கதவு போச்சு, ஜன்னல் போச்சு. பழைய மரம் வாங்குகிறவர் வந்து தூணைத் தட்டிப் பார்த்தார்.

"பர்மா தேக்கு" என்றார் அப்பா, செட்டிநாட்டு அரண்மனையை விற்கிற தோரணையில்.

"நாட்டுத் தேக்கு சார்" என்றார் அவர்.

பேரம் நடந்துகொண்டிருக்கும்போது என் சித்தி பையன் வீடியோ காலில் வந்தான். பிலிப்பைன்ஸில் எம்.பி.பி.எஸ். படிக்கிறான். பழைய வீட்டைக் கடைசியாக ஒரு தடவை காட்டச் சொன்னான். காட்டினேன். தூணைப் பார்த்ததும், "அக்கா, இதுக்கு இங்கே 'ஹலிகி'ன்னு பேர். குடும்பத்துல அப்பாவை 'வீட்டோட ஹலிகி'ன்னுதான் சொல்வாங்க" என்றான்.

அப்பா எட்டிப் பார்த்தார். "அப்ப அம்மாவை என்ன சொல்லுவாங்க?"

"வீட்டோட விளக்குன்னு சொல்வாங்க பெரியப்பா."

அப்பா ஒன்றும் பேசவில்லை. மரக்காரரை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஃப்ரீலான்ஸ்காரிக்குத் தூக்கம் வராவிட்டால் எதையாவது படிக்க வேண்டியதுதான். ஹலிகியைத் துரத்திக்கொண்டு போனேன். அது பசிபிக் கடலில் குவாம் தீவில் போய் நின்றது. அங்கே பழைய காலத்து வீடுகளைத் தாங்கிய கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றுக்கும் பேர் ஹலிகிதான்! மறுபக்கம், ஆப்பிரிக்காவை ஒட்டி இருக்கிற மடகாஸ்கரில் தூணுக்கு 'ஆன்ட்ரி'. இதுவும் அதே சொல்தான் என்கிறார்கள் மொழி ஆராய்ச்சிக்காரர்கள். ஹலிகி எங்கே, ஆன்ட்ரி எங்கே என்று தோன்றும். பூவிருந்தவல்லியைப் பூந்தமல்லி ஆக்கி, அதையும் பஸ் போர்டில் பூனமல்லி ஆக்கிய நாம் இதற்கெல்லாம் ஆச்சரியப்படக் கூடாது. பல ஆயிரம் வருஷங்களுக்கு முன் தைவான் பக்கமிருந்து படகேறியவர்களின் வாரிசுகள், போன தீவிலெல்லாம் தூண் நட்டு அதன்மேல் வீடு கட்டினார்கள். மரம் அந்தந்தத் தீவில் கிடைத்தது. பேரை மட்டும் கையோடு எடுத்துப் போயிருக்கிறார்கள்.

சரி, நம் தூண் எங்கிருந்து வந்தது? தமிழ் லெக்சிகன் சமஸ்கிருத 'ஸ்தூணா'வைக் கை காட்டுகிறது. தனித்தமிழ்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நான் அந்த விளையாட்டுக்கு வரவில்லை. ஸ்தூணாவின் சொந்தக்காரர் ஒருவர் ஈரானில் இருக்கிறார், 'சொத்தூன்' என்று. இஸ்ஃபஹான் நகரத்தில் 'நாற்பது தூண்' என்றே பேர் வைத்த மாளிகை ஒன்று உண்டு. எண்ணினால் இருபதுதான். மிச்சம் இருபது எதிரே குளத்தில் தெரிகிற நிழலாம்! நம் மதுரை ஆயிரங்கால் மண்டபத்திலும் 985 தான். ஆடிட்டர் போனால் இரண்டு ஊரிலும் கையெழுத்துப் போட மாட்டார்.

கம்பம் என்பதும் சமஸ்கிருத 'ஸ்கம்ப'த்தின் வழிதான், இந்தியில் 'கம்பா'. ஆனால் பாட்டி சொன்ன கால் இருக்கிறதே, அது அக்மார்க் நம்முடையது. தெலுங்கிலும் கன்னடத்திலும்கூடக் காலுக்குப் பேர் காலுதான். நமக்கு வீடும் ஒரு பிராணி. கல்யாணம் என்றால் பந்தக்கால். உட்கார்ந்தால் நாற்காலி. தூணை வெளியிலிருந்து வாங்கினோமோ என்னமோ, நிற்பதற்குக் கால் நம்முடையதுதான். இப்போது கொத்தனார் அதற்கும் வேட்டு வைத்துவிட்டார். கான்கிரீட் தூணுக்கு அவர் அகராதியில் 'காலம்'. "மேடம், நாலு காலம் ஊத்தியாச்சு" என்பார். நானும் வாரா வாரம் ஒரு காலம் ஊற்றுகிறவள்தான். அவருக்கு சிமென்ட், எனக்குத் தண்ணீர்.

மறுநாள் மரக்காரர் வந்தார். அப்பா, "ஒண்ணுதான் உனக்கு. வலது பக்கம் இருக்கிறது எனக்கு" என்றார்.

"ஒத்தைத் தூணை வெச்சுக்கிட்டு என்ன சார் பண்ணுவீங்க? ஜோடின்னாதான் விலை."

அப்பா நேரடியாகப் பதில் சொல்லாமல் ஊர்ப் புராணத்துக்குப் போனார். மாசிலாமணீஸ்வரர் கோயிலில் கருவறை வாசலில் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் உண்டு. குறும்பர்களை ஜெயித்த தொண்டைமான் அவர்கள் கோட்டையிலிருந்து கொண்டுவந்து நட்டது என்பது தலபுராணம். இடுப்புயரச் செடியான எருக்கில் தூணா என்று கேட்டால் குருக்கள் ஒரு பார்வை பார்ப்பார். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "கோட்டையை இடிச்ச ராஜாவே தூணை விடலை. நான் எதுக்கு விடணும்?" என்றார் அப்பா.

மரக்காரர் என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். உட்கார்ந்தால் தலை சாய்கிற உயரத்தில் ஒரு கருப்புத் திட்டு. தேங்காய் எண்ணெய். அம்மா சாயங்காலம் பூ கட்டுகிற இடம் அது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. "குடுக்கிற விலையைக் குடுங்க, ஒண்ணு போதும்" என்றேன்.

எங்கள் பங்குக்கு வந்த ஃப்ளாட்டின் உயரத்துக்கு அந்தத் தூண் அடங்கவில்லை. அறுக்கலாம் என்றார் இன்ஜினியர். அப்பா அவரைப் பார்த்த பார்வையில் அவரே அறுந்திருப்பார். கீழே, கட்டடமே காலில் நிற்கிற பார்க்கிங்கில், உயரம் சரியாக இருந்தது. எங்களிடம் கார் கிடையாது. பழைய கல் பாதத்தோடு நட்டாயிற்று. சுற்றிலும் பன்னிரண்டு கான்கிரீட் காலம் வீட்டைத் தாங்குகிறது. இது ஒன்றையும் தாங்கவில்லை. சாயங்காலமானால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு அப்பா அதன் பக்கத்தில் உட்காருகிறார். சாய்வதில்லை.

போன வாரம் ஆபீஸ் வேலையாகக் கீழே இறங்கினேன். தண்ணீர் கேன் போடுகிற பையன், எங்கள் வீட்டுக் கணக்கைத் தூணில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தான். நாலு கோடு. அப்பா பார்த்தால் அவ்வளவுதான் என்று அவசரமாகத் துடைக்கப் போனேன்.

"அழிக்காதேம்மா" என்றார் அப்பா. அப்புறம் பையனைப் பார்த்து, "மூணு கேன்தான்டா போட்டே. நாலாவது கோடு ஏது?"