பிக்அப்புக்கு இன்னொரு டீசல் ஃபில்டர்

ஜூன் 2, திங்கள்

டீசல் வண்டிக்குக் கூடுதல் ஃபில்டர் ஏன் வேண்டும் என்பதற்கான விடை இன்ஜெக்டருக்குள் இருக்கிறது. காமன் ரெயில் எஞ்சினில் உயர் அழுத்தப் பம்பு டீசலை 1,600 பார் அளவுக்கும், புதிய எஞ்சின்களில் அதற்கு மேலும் அழுத்தி ரெயிலில் தேக்குகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு இன்ஜெக்டரின் ஊசியும் வால்வும் சில மைக்ரான் இடைவெளிக்குள் ஓடியாடுகின்றன. தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். 40 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள் வெறும் கண்ணுக்குத் தெரியாது. இன்ஜெக்டரைத் தின்பது அதைவிடப் பல மடங்கு சிறிய மண்தூளும் துருவும்தான். டீசலை பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்து ‘சுத்தம்தான்’ என்று சொல்வதை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது.

200 பார் சுமாரில் திறந்த பழைய நாசில்கள் இந்தத் தூளையெல்லாம் ஓரளவு பொறுத்துக்கொண்டன. காமன் ரெயில் பொறுக்காது. வால்வின் இருக்கையில் ஒரு துகள் கீறிவிட்டால் போதும், அந்தக் கீறல் வழியே பாயும் டீசலே அதை அரித்துப் பெரிதாக்கும். ரிட்டர்ன் கூடும், காலையில் செல்ப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டிவரும், புகை வரும். நாசில் மூடாமல் ஒழுகத் தொடங்கினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவது வரை போகும்.

இந்தக் குறிப்புகளுக்கு உரிய வண்டி, ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் காய்கறி ஏற்றிப் போகும் பிக்அப். வாரண்டி முடிந்துவிட்டது. ஒதுக்கியிருக்கும் தொகை 5,000 ரூபாய். பல வண்டிகளில் ஒரே ஒரு இன்ஜெக்டரின் விலை 10,000 ரூபாயைத் தாண்டும் என்பதால் கணக்கு கையைக் கடிக்காது. வாரண்டி உள்ள வண்டியாக இருந்தால் எரிபொருள் குழாயில் கை வைக்கும் முன் வாரண்டி விதிகளைப் படிக்க வேண்டும். நிறுவனம் ஏற்காத பாகத்தைச் சேர்த்தால் உரிமை கைவிட்டுப் போகலாம்.

ஜூன் 3, செவ்வாய்

தரத்துக்கு உட்பட்ட டீசலிலும் அழுக்கு உண்டு. பிஎஸ்-6 டீசலுக்கான ஐஎஸ் 1460 தரம் ஒரு கிலோவுக்கு 24 மில்லிகிராம் வரை திடக் கசடையும், 200 மில்லிகிராம் வரை நீரையும் அனுமதிக்கிறது. 50 லிட்டர் டீசலின் எடை ஏறத்தாழ 42 கிலோ. அதாவது குறை சொல்ல முடியாத ஒரு முழு டேங்க் டீசலே ஒரு கிராம் அழுக்கையும் எட்டு மில்லிலிட்டர் நீரையும் கொண்டுவரலாம். பங்க்கின் நிலத்தடித் தொட்டி, கேன், பீப்பாய், வண்டியின் மூடி வழியாக இறங்குவது இதற்கு மேல்.

இரண்டில் நீர்தான் பெரிய பகை. டீசலே பம்புக்கு மசகு. நீர் அந்த வேலையைச் செய்யாது. நீர் இருக்கும் இடத்தில் துரு பிடிக்கும், துரு உதிர்ந்தால் அது புதிய தூள். நீரும் டீசலும் சந்திக்கும் தளத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து, வழுவழுப்பான பழுப்புக் கசடாகி ஃபில்டரை அடைக்கும்.

தோட்டத்து மோட்டாருக்கும் பவர் டில்லருக்கும் என்று வாங்கிவைத்த பீப்பாயிலிருந்து பிக்அப்புக்கும் டீசல் ஊற்றுவது ஊர்களில் சாதாரணம். அந்தப் பீப்பாயைச் சரியாக வைப்பதுதான் செலவே இல்லாத முதல் ஃபில்டர். நிமிர்த்தி வெளியில் வைத்த பீப்பாயின் தலையில் மழைநீர் தேங்கும். பகலில் சூடேறி விரியும் காற்று இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, தளர்ந்த மூடியின் மரை வழியே அந்த நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பீப்பாயைக் கூரைக்கு அடியில், மூடி நீரில் மூழ்காதபடி சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். அசைத்த பீப்பாயிலிருந்து உடனே எடுக்காமல் ஒரு நாளாவது படிய விட்டு, அடிமட்டத்துக்குச் சற்று மேலிருந்து எடுக்க வேண்டும். வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றும் பழக்கம் நன்மையைவிடத் தீமைதான் செய்கிறது. அது நுண்தூளைப் பிடிப்பதில்லை, தன் நூல்பிசிறை உள்ளே சேர்க்கிறது.

ஜூன் 5, வியாழன்

ஃபில்டர் வாங்குவதற்கு முன் டீசல் எந்த வழியில் ஓடுகிறது என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். டேங்குக்குள் மின்பம்பு இருந்தால் எஞ்சின் வரை உள்ள குழாயில் தள்ளு அழுத்தம் இருக்கும். இல்லையென்றால் உயர் அழுத்தப் பம்பின் முன்பகுதியில் உள்ள சிறு பம்பே டேங்கிலிருந்து இழுக்கிறது. அப்போது ஃபில்டர் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. இந்தப் பிக்அப் இரண்டாம் வகை. கம்பெனி ஃபில்டரின் தலையில் கைப் பம்பும், அடியில் நீர் உணரியும் உள்ளன.

உறிஞ்சும் பக்கத்தில் சேர்க்கும் ஒவ்வொரு தடையும் பம்புக்குச் சுமை. தடை அதிகமானால் குழாயில் அழுத்தம் குறைந்து, டீசலில் கரைந்திருக்கும் காற்று குமிழாகப் பிரியும். குமிழோடு ஓடும் பம்பு மசகு இல்லாமல் தேயும். இன்ஜெக்டரைக் காப்பாற்றச் சேர்த்த ஃபில்டரே பம்பைக் கெடுத்துவிடக்கூடும்.

இதைப் பெரிய அளவில் அனுபவித்தவர்கள் அமெரிக்கப் பிக்அப் சொந்தக்காரர்கள். 2001 முதல் 2004 வரை ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய பிக்அப்புகளில் வந்த எல்பி7 டூராமாக்ஸ், 6.6 லிட்டர் வி8 எஞ்சின். அதிலும் டேங்க்பம்பு கிடையாது. போஷ் சிபி3 பம்பே நெடுந்தூரம் இழுத்துக்கொள்ளும். இன்ஜெக்டர்கள் வால்வ் கவருக்கு அடியில் இருந்ததால் மாற்றும் கூலியே மலைக்க வைத்தது. புகார்கள் பெருகவே, நிறுவனம் இன்ஜெக்டருக்கு மட்டும் 7 ஆண்டு அல்லது 2,00,000 மைல் வரை தனிப் பாதுகாப்பு அளித்தது. சொந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மண் வாரும் இயந்திரங்களுக்காகச் செய்யப்பட்ட கேட்டர்பில்லர் 1ஆர்-0750 என்ற நுண்ஃபில்டரை ஒரு அடாப்டர் தலையில் முறுக்கி, சேஸில் பொருத்திக்கொண்டார்கள். எங்கும் கிடைத்த, பரப்பு மிகுந்த, விலை கட்டுப்படியான ஃபில்டர் அது. அதன் பிறகு பலர் உறிஞ்சும் தடையைச் சமாளிக்க மின்பம்பு ஒன்றையும் சேர்க்க நேர்ந்தது. நுண்ஃபில்டரின் உண்மைச் செலவில் அந்தப் பம்பையும் எண்ண வேண்டும்.

5,000 ரூபாயில் மின்பம்பு, ரிலே, வயரிங் எல்லாம் அடங்காது. ஆகவே உறிஞ்சும் பக்கத்தில் நுண்ஃபில்டர் வேண்டாம். டேங்குக்கும் கம்பெனி ஃபில்டருக்கும் நடுவே, 30 மைக்ரான் அளவில், அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ள வாட்டர் செப்பரேட்டர் போதும். நீரையும் பெரிய தூளையும் அது எடுத்துக்கொண்டால், கம்பெனி ஃபில்டரின் முழுப் பரப்பும் நுண்தூளுக்கே மிஞ்சும். கம்பெனி ஃபில்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைப்பது எந்த விலையிலும் சரியில்லை.

ஜூன் 6, வெள்ளி

பெட்டியில் அச்சிட்ட மைக்ரான் எண் பாதி உண்மைதான். ‘10 மைக்ரான்’ என்ற ஃபில்டர் அந்த அளவுத் துகளில் எத்தனை பங்கைப் பிடிக்கிறது என்பதே கேள்வி. இதைச் சொல்வது பீட்டா எண். பீட்டா 2 என்றால் இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்கிறது. பீட்டா 75 என்றால் 98.7 சதவீதம், பீட்டா 200 என்றால் 99.5 சதவீதம். ஒரே மைக்ரான் எண்ணைத் தாங்கிய இரு பெட்டிகளுக்குள் இந்த அளவு வித்தியாசம் இருக்கலாம். பீட்டாவைச் சொல்லாத பெட்டியைவிடச் சொல்லும் பெட்டியை வாங்குவது மேல்.

ஒருமுறை தப்பிய துகள் மறுபடியும் மாட்டும் என்பது டீசல் எஞ்சினில் ஒரு நல்ல அம்சம். பம்பு இழுப்பதெல்லாம் எரிந்துவிடுவதில்லை. மிஞ்சியது ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்கே திரும்புகிறது. டேங்கில் உள்ள டீசல் ஓட ஓடத் திரும்பத் திரும்ப ஃபில்டருக்குள் வருகிறது.

பழைய லாரிகளில் இருந்த டபுள் ஃபில்டர் தலை காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கும். முதல் குடுவையில் ஃபெல்ட், இரண்டாவதில் காகிதம் என்று தன் காலத்துக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் காமன் ரெயிலுக்கு வேண்டாம். உள்ளே பொரிந்துபோன அலுமினியமும், குடுவையைத் திறக்கும்போது விழும் மண்ணும் சேமிப்பை விழுங்கிவிடும். திருகி மாட்டும் வகை, புதுத் தலை, எஞ்சினின் தேவையைவிட ஒரு அளவு பெரியது என்று எடுப்பதே சரி. பெரிய ஃபில்டரில் தடை குறைவு.

ஹோஸில் மிச்சம் பிடிக்கக் கூடாது. தெளிந்த பிளாஸ்டிக் குழாய் சில மாதத்தில் இறுகி வெடிக்கும். டீசலுக்கும் பயோடீசல் கலப்புக்கும் தாங்கும் என்று குறிப்பிட்ட ஹோஸ் வேண்டும். உள்விட்டம் பழைய குழாயைவிடக் குறையக் கூடாது. துத்தநாகம் பூசிய ஜிஐ இணைப்புகளை டீசலில் வைக்கக் கூடாது, துத்தநாகம் கரைந்து இன்ஜெக்டரில் படியும்.

ஜூன் 8, ஞாயிறு

பொருத்தும் நாளில் முதல் கருவி துணியும் பிரஷும்தான். சேஸில் வேலை நடக்கும் இடத்தைக் கழுவி உலர்த்திய பிறகே குழாயைக் கழற்ற வேண்டும். கழற்றிய முனைகளை உடனே மூடி வைக்க வேண்டும்.

இடம்: டேங்குக்கு முன்னால், சேஸின் உட்பக்கம். சைலன்சர் சூடு படாமலும், சக்கரம் அடிக்கும் கல் கிண்ணத்தில் விழாமலும், கீழே கை நுழைந்து வடிகால் திருகைத் திறக்க வசதியாகவும் இருந்தது அந்த ஓரிடம்தான். சேஸில் புதுத் துளை போடாமல் ஏற்கெனவே உள்ள துளைகளில் பிராக்கெட் பூட்டப்பட்டது. தலையில் அம்புக்குறி காட்டும் திசையைப் பார்த்து உள்வழியும் வெளிவழியும் இணைக்கப்பட்டன.

மரைகளில் வெள்ளை டேப் சுற்றுவது இங்கே ஆபத்து. வெட்டுப்பட்ட டேப் இழை பம்பு வரை போகும். டீசல் தாங்கும் திரவச் சீலன்ட் அல்லது சரியான வாஷர் போதும். சாதாரணத் திருகு கிளிப்பின் பட்டையில் உள்ள வெட்டுகள் ஹோஸைக் கடித்துக் கீறும். விளிம்பு மடித்த வகை அப்படிச் செய்யாது.

இந்த அக்கறைக்குக் காரணம் உண்டு. உறிஞ்சும் பக்கத்தில் கசிவு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். தரை உலர்ந்திருக்கும், இரவு முழுக்கக் குழாயிலுள்ள டீசல் டேங்குக்கு இறங்கிவிடும், காலையில் வண்டி எடுக்காது. கசிவைத் தேடி ஒழுகும் இடம் பார்ப்பவர் நாள் முழுக்கப் பார்த்தாலும் காணமாட்டார். கம்பெனி ஃபில்டருக்குப் பின்னால் ஒரு சாண் தெளிந்த ஹோஸைத் தற்காலிகமாக மாட்டினால் கேள்விக்கு நேராகப் பதில் கிடைக்கும். எஞ்சின் ஓடும்போது அதில் குமிழ்கள் வரிசையாகப் போனால் எங்கோ காற்று எடுக்கிறது. முதலில் குமிழ்கள் வந்து, பிறகு தெளிந்த டீசல் தொடர்ந்து ஓடினால் இணைப்பு சரி. பார்த்து முடித்ததும் அந்தத் துண்டைக் கழற்றிவிட வேண்டும்.

புது ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுவது வழக்கம். முன்னால் வரும் செப்பரேட்டருக்கு இது பரவாயில்லை. அதற்குப் பின்னால் இன்னொரு ஃபில்டர் காவல் இருக்கிறது. பம்புக்கு முந்திய கடைசி ஃபில்டரை அப்படி நிரப்பக் கூடாது. நடுத்துளை வழியே ஊற்றும் டீசல் வடிகட்டப்படாமலே நேராகப் பம்புக்குப் போகிறது. அதைக் காலியாக மாட்டி, கைப் பம்பு கெட்டியாகும் வரை அமுக்கி, அதன் பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். செல்ப் அடித்தே ஏர் எடுக்க முயன்றால் பம்பு உலர்ந்து சுற்றும்.

ஜூன் 15, ஞாயிறு

கேரளத்தில் மழை பிடித்துவிட்டது. கிண்ணத்தின் அடியில் டீசலுக்குக் கீழே தனிப் படலமாக நீர், அதன் மேல் பழுப்புத் துரும்பு. வடிகால் திருகைத் திறந்து நீர் போய் டீசல் வரத் தொடங்கியதும் மூடப்பட்டது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கிண்ணத்தைப் பார்த்தால் நல்லது.

தடையை அளக்க ஒரு வேக்குவம் கேஜ் போதும். கம்பெனி ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே டி இணைப்பில் வைத்து, அதே சுமையோடு அதே ஏற்றத்தில் செப்பரேட்டர் போடும் முன்னும் பின்னும் அளந்து எழுதிவைக்க வேண்டும். வித்தியாசம் மெல்ல ஏறினால் ஃபில்டர் நிறைகிறது. திடீரென ஏறினால் டேங்க் வலையோ ஹோஸ் மடிப்போ காரணம்.

ஜூலை 6, ஞாயிறு

முதல் மாற்றம் சீக்கிரம் வேண்டும். ஆண்டுக்கணக்கில் டேங்கின் அடியில் படிந்தது முதல் ஃபில்டரில்தான் வந்து சேரும். அதன் பிறகு கம்பெனி ஃபில்டரை மாற்றும் கிலோமீட்டரிலேயே இதையும் மாற்றலாம்.

கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியும் முன் வெட்டிப் பார்ப்பது பயனுள்ளது. ஹாக்சா பிளேடால் அறுத்தால் அதன் இரும்புத்தூளே மடிப்பில் சிதறி ஏமாற்றும். குழாய் வெட்டும் சக்கரக் கருவி நல்லது. மடிப்புக் காகிதத்தை உருவி வெள்ளைத் தாளில் விரித்து வெயிலில் உலர்த்தினால் கதை தெரியும். மென்மையான கறுப்பு, டீசலே நாள்பட்டு விடும் கசடு, பெரும்பாலும் கவலையில்லை. காந்தத்தில் ஒட்டும் சிவந்த தூள் டேங்க் துரு. வழுவழுப்பும் நாற்றமும் பூஞ்சை. டேங்கைக் கழுவாமல் தீராது. மினுங்கும் உலோகப் பொடி இருந்தால் நிலைமை வேறு. இந்த ஃபில்டர் பம்புக்கு முன்னால் இருக்கிறது. பம்பு தேய்ந்து உதிர்த்த பொடி ரிட்டர்ன் வழியாக டேங்குக்குப் போய்ச் சுற்றி வந்திருக்கிறது என்று பொருள். அப்போது புது ஃபில்டர் மட்டும் போட்டு ஓட்டக் கூடாது. டேங்கை இறக்கிக் கழுவி, குழாய்களை அலசி, பம்பையும் இன்ஜெக்டர்களையும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்த்த பிறகே வண்டி சந்தைக்குப் போக வேண்டும்.

இந்தப் பிக்அப்பின் தாளில் இருந்தது கறுப்பும் கொஞ்சம் துருவும். டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது; அதையும் மாற்றியாயிற்று.