வாசலில் ஒரு சொட்டு

அப்பா ஓட்டிய 1957-ம் வருஷத்து மாரிஸ் மைனர், பகலில் வாசலில் நின்றால் எண்ணெய்ப் பொட்டு ஒன்று வைக்காமல் நகராது. விடியற்காலையில் கோலம் போட வரும் என் மனைவி அதைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் எனக்குப் பயம்.

இந்த எஞ்சினில் கிராங்க் தண்டின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய மரைதான் எண்ணெயை உள்ளே திருப்ப வேண்டும். கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். எங்களுடையதோ ஒழுகிற்று. "எஞ்சினை இறக்கணும்" என்றார்கள் இரண்டு பட்டறைகளில். செலவைக் கேட்டதும், வண்டியை விற்றுவிடுவது என்று தீர்மானித்தேன்.

பழகிய மெக்கானிக் பாய் ஒருவர் வந்தார். மண்ணெண்ணெயால் எஞ்சினைத் துடைத்துவிட்டு, "அம்மா, கொஞ்சம் கோலமாவு கொடுங்க" என்றார். எஞ்சின் பக்கவாட்டில் மாவைத் தூவிப் பத்து நிமிஷம் ஓடவிட்டார். வெள்ளையில் ஈரக்கோடு விழுந்தது. தண்டிலிருந்து அல்ல, அதற்கு மேலே, டாப்பெட் மூடியிலிருந்து.

"யார் சார் இந்தப் போல்ட்டை இப்படி முறுக்கினது?"

நான்தான். ஒழுகுகிறதே என்று ஒவ்வொரு ஞாயிறும் இன்னும் ஒரு சுற்று. தகடு வளைந்து, கார்க் நசுங்கியிருந்தது. பாய் தகட்டைத் தட்டி நேராக்கி, புதுக் கார்க் வைத்தார். பக்கத்து மூடியின் மூச்சுக்குழாயில் அடைத்திருந்த கசண்டையும் எடுத்தார்; அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெயைத் தள்ளுமாம்.

மறுநாளும் வாசலில் ஒரு சொட்டு, மிளகளவு. என் மனைவி அதையும் ஒரு புள்ளியாகச் சேர்த்துக் கோலத்தை முடித்திருந்தாள்.