எந்த ஊருப்பா?

சென்னைப் பல்கலைக்கழகத்துல எம்.ஏ. வரலாறு சேர்ந்த முதல் வாரம். நீலகண்ட சாஸ்திரி பேராசிரியரா இருந்த துறைங்கற பயம் வேற.

"எந்த ஊருப்பா?"ன்னார் சார்.

காவாந்தண்டலம்னா யாருக்குத் தெரியும்? "உத்திரமேரூர் பக்கம் சார்"னேன். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது!

"அப்ப குடவோலையைப் பத்தி நீயே சொல்லு."

பராந்தக சோழன், கி.பி. 921, 30 குடும்பு... படிச்சதை ஒப்பிச்சேன். கணக்குக் காட்டாதவன் மட்டுமில்லை, அவன் சொந்தக்காரன் பேரைக்கூட ஓலையில எழுதக்கூடாது (என்ன ஒரு சட்டம்!).

"கல்வெட்டைப் பார்த்திருக்கியா?"

முழிச்சேன். அந்த ஊர் வழியா எத்தனை தடவை பஸ்ல போயிருப்பேன்! ஒரு நாளும் கோயிலுக்குள்ள போனதில்லை. மதுரைக்காரப் பொண்ணு ஒருத்தி "நான் பார்த்திருக்கேன் சார்"னு கை தூக்கினா.

சனிக்கிழமை வீட்டுக்குக்கூடப் போகாம நேரா வைகுண்டப் பெருமாள் கோயில். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். தமிழ்தான், நடுநடுவுல கிரந்தம். ஒரு வரிகூடத் தேறலை. இருட்டற வரைக்கும் நின்னுட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிச்சேன்.