வெயிலுக்கு ஆகாத மாத்திரை

காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை உட்கொண்டால் சிறிது நேரத்தில் நெற்றி வியர்க்கிறது. தலைவலி மாத்திரை தலைவலியை எடுத்துக்கொண்டு போகிறது. மருந்து செய்த வேலை உடலுக்குத் தெரியவேண்டும் என்றே நாம் எல்லாரும் பழகியிருக்கிறோம். எங்கள் தந்தையார் நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகளோ அந்தப் பழக்கத்திற்குள் அடங்காதவை. 2021ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கினார். ஒருநாளேனும் அவற்றால் மூச்சு இலகுவானதில்லை. இலகுவாகாது என்பதை மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

நோயின் பெயர் இடியோபதிக் பல்மனரி ஃபைப்ரோசிஸ். காரணம் அறியப்படாத நுரையீரல் தழும்பு நோய் என்று தமிழில் சொல்லலாம். முழங்காலில் பட்ட காயம் ஆறினால் தழும்பு நிற்கிறது. அத்தோடு உடல் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. இந்நோயில் நுரையீரலின் காற்றுப் பைகளைச் சுற்றியுள்ள மெல்லிய சுவர்களில் தழும்பு ஏறிக்கொண்டே போகிறது. போதும் என்று உடலுக்குத் தெரிவதில்லை. தழும்பேறிய சுவர் விரியாது. அதன் வழியே உயிர்வளி எளிதில் இரத்தத்தில் புகாது. ஏறிய தழும்பை இறக்கும் மருந்து இன்றளவும் இல்லை.

வறட்டு இருமல்தான் முதலில் வந்தது. அடுத்து, மாடிப்படியில் பாதியில் நிற்றல். உள்ளூரில் பார்த்த ஒரு மருத்துவர் சளியில் கிருமி தென்படாதபோதும் ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுத்தார். காசநோய் மலிந்த நம் நாட்டில் இந்நோயாளிகள் பலர் அந்த வழியாகவே வந்து சேர்கிறார்கள் என்று பின்னர் அறிந்தோம். அதன்பின் வேலூருக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த மருத்துவர் தந்தையாரின் பருத்த விரல்நுனிகளைப் பார்த்தார்; முதுகின் அடிப்பகுதியில் குழாயை வைத்துக் கேட்டார். செருப்பின் ஒட்டுப்பட்டையைப் பிரிக்கும்போது எழும் ஓசை அங்கே கேட்குமாம். அதன்பின், "வீட்டில் புறா உண்டா? ஏர்கூலர் உண்டா?" என்று கேட்டார். எங்களுக்கு வியப்பாயிருந்தது. காரணம் இருந்தது. 2017இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்றில், இத்தகைய நுரையீரல் நோயுற்ற 1,084 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, மூச்சோடு உட்செல்லும் தூசும் பூஞ்சையும் பறவைக் கழிவும் தூண்டிவிட்ட ஒவ்வாமையே நோயாக இருந்தது. அவர்களுள் பலர் ஏர்கூலரின் ஈரக்காற்றை மூச்சில் வாங்கியவர்கள். எங்கள் வீட்டில் புறாவும் இல்லை, ஏர்கூலரும் இல்லை. ஸ்கேன் படத்தில் நுரையீரலின் கீழ்ப்பகுதி தேனடைபோல் தெரிந்தது.

மருந்தின் பெயர் பிர்ஃபெனிடோன். ஜப்பானில் 2008இலும் நம் நாட்டில் 2010இலும் புழக்கத்திற்கு வந்தது; அமெரிக்கா 2014இல்தான் அனுமதித்தது. முதல் வாரம் வேளைக்கு ஒன்று. பிறகு படிப்படியாக ஏற்றி வேளைக்கு நான்கு, நாளுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. ஒவ்வொன்றும் 200 மில்லிகிராம். உணவோடுதான் உட்கொள்ளவேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். தொடர்ந்து பதினான்கு நாளோ அதற்கு மேலோ விட்டுவிட்டால் மீண்டும் ஒன்றிலிருந்து ஏறவேண்டும். முதல் ஆறு மாதம் மாதந்தோறும், பிறகு மூன்று மாதத்திற்கு ஒருமுறை, கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனை. தந்தையாருக்குப் பன்னிரண்டு தாங்கவில்லை. சோற்றைக் கண்டாலே முகம் திருப்பினார். மருத்துவர் ஒன்பதாகக் குறைத்தார். "ஜப்பானில் முழு அளவே இவ்வளவுதான், கவலைப்படாதீர்கள்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் அம்மாவுக்கு உறக்கம் வந்தது.

இம்மருந்து உடலில் இருக்கும்போது வெயில் ஆகாது. தோல் சிவந்து தடித்துவிடும். திருவண்ணாமலையில் வாழும் ஒருவரிடம் வெயில் ஆகாது என்று சொல்வது எப்படிப்பட்டதென்று இவ்வூரை அறிந்தவர்களுக்குத் தெரியும். இது அக்கினித் தலம் என்று பெயர்பெற்ற ஊர். சித்திரையில் மலைப்பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவிலும் விட்டுக்கொண்டிருக்கும். பள்ளி ஆசிரியராக முப்பது ஆண்டுகள் மிதிவண்டியில் வெயிலோடு திரிந்த மனிதர், முழுக்கைச் சட்டையும் குடையுமாய்த் திருப்பலிக்குப் புறப்படலானார். முதற்கோடையில் குடையை மறந்து கடைவீதி வரை போனதற்குப் புறங்கைகள் இரண்டு வாரம் எரிந்தன. அதுமுதல் அவருடைய நடை மாலை ஆறுக்குமேல் என்றாயிற்று. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எங்கள் தெருமுனையிலிருந்து ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்புவார். பௌர்ணமி இரவுகளில் மட்டும் கூட்டத்திற்கும் கற்பூரப் புகைக்கும் அஞ்சி வீட்டிலிருப்பார்.

தவக்காலம் வந்தபோது வேறொரு சிக்கல். ஒருசந்தி பிடிப்பதில் தந்தையார் கண்டிப்பானவர். அறுபதாம் வயது தொடங்கிவிட்டால் அந்தக் கடமை திருச்சபைச் சட்டத்தில் இல்லை என்பதும், நோயாளிகளுக்கு எவ்வயதிலும் விலக்குண்டு என்பதும் அவர் அறியாதவை அல்ல. ஆயினும் பெரிய வெள்ளியன்று காலையில் வெறும் வயிற்றில் மூன்று மாத்திரைகளை விழுங்கிவிட்டு, சிலுவைப்பாதையின் நடுவே வெளியே வந்து வாந்தியெடுத்தார். பங்குத்தந்தை அவரிடம் அதிகம் பேசவில்லை. "ஐயா, மாத்திரைக்காகச் சாப்பிடுங்கள். உங்களுக்கு அதுவே ஒருசந்தி" என்றார். அடுத்த ஆண்டு பெரிய வெள்ளியில் விருப்பமில்லாமல் இட்லியை மென்றுகொண்டிருந்த அவரைப் பார்த்தபோது, பங்குத்தந்தை சொன்னது வேடிக்கைக்கு அல்ல என்று எங்களுக்குப் புரிந்தது.

2024 டிசம்பர் இவ்வூருக்குக் கொடிய மாதம். முதல் நாளில் மலைச்சரிவு வீடுகளின்மேல் விழுந்து ஏழு பேர் மாண்டனர். அவ்வாண்டு தீபத்தன்று மலையேறப் பொதுமக்களுக்கு அனுமதியில்லை. 13ஆம் நாள் ஏற்றிய மகாதீபம் மலையுச்சியில் எரிந்துகொண்டிருக்கையில், சான் பிரான்சிஸ்கோவில் தபேலா மேதை ஜாகிர் உசேன் காலமான செய்தி வந்தது. வயது 73. நோயின் பெயரைத் தொலைக்காட்சி சொன்னது. எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்த அந்த நீண்ட பெயர் அன்று தெருவெல்லாம் கேட்டது. "சாருக்கும் அதேதானே?" என்று அக்கம்பக்கத்தார் அம்மாவிடம் கேட்டனர். உலகத்து மருத்துவமெல்லாம் கைக்கெட்டும் ஒருவரையே காக்க முடியாத நோய் என்பதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்றிரவு தந்தையார் மாத்திரைப் பெட்டியைத் தள்ளிவைத்தார். "ருசி போச்சு, வெயிலும் போச்சு. இது எனக்கு என்னதான் குடுத்துது, சொல்லுங்க?" என்றார். அம்மா, "என்னங்க, இப்படிப் பேசறீங்க?" என்றதோடு நின்றார். எங்களிடமும் எளிய விடை இல்லை. ஊதல் பரிசோதனைத் தாள்களை எடுத்துக் காட்டினோம். தொடக்கத்தில் வலுவாக ஊதி வெளிவிட்ட மூச்சு 2.40 லிட்டர். மூன்று ஆண்டில் அது 2.05 ஆகியிருந்தது. குறைந்ததுதான். மருந்தின்றிப் பொதுவாக ஆண்டுக்கு 200 மில்லிலிட்டர் அளவில் குறையும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனால் மாத்திரை உட்கொள்ளாத இன்னொரு தந்தையார் அருகில் நின்றிருந்தால் அல்லவா ஒப்பிட்டுக் காட்டலாம்!

அந்த ஒப்பீட்டைத்தான் ஆய்வாளர்கள் செய்தார்கள். 2014இல் வெளியான ஆய்வில் 555 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு மருந்தற்ற மாத்திரையும் 52 வாரம் கொடுத்தார்கள். மூச்சளவில் பத்திலொரு பங்கோ அதற்கு மேலோ இழந்தவர்களும் இறந்தவர்களும் மருந்தற்ற பிரிவில் நூற்றுக்கு 32 பேர். மருந்துப் பிரிவில் 17 பேர். இத்தகைய ஒப்பீடு இல்லாத காலத்தில், நோயாளிகளுக்கு ஸ்டீராய்டையும் அசதயோப்ரினையும் நல்லெண்ணத்தோடு ஆண்டுக்கணக்கில் கொடுத்துவந்தார்கள். 2011இல் அந்தச் சேர்க்கையைச் சோதித்தபோது, மருந்து பெற்றோரிடையே இறப்பு மிகுந்திருக்கக் கண்டு, ஆய்வின் அப்பகுதியை இடையிலேயே நிறுத்தினார்கள். தந்தையார் கணக்கு ஆசிரியர். 32, 17 என்ற எண்களைத் தாளின் ஓரத்தில் எழுதி நெடுநேரம் பார்த்தார். "அந்த 17இல் நானும் ஒருத்தனா இருக்கலாமே" என்றார். இருக்கலாம் என்றோம். பொய் சொல்ல எங்களுக்கு மனமில்லை.

சற்றுப் பொறுத்து, "மோர் இருந்தா கொஞ்சம் ஊத்தும்மா" என்று அம்மாவிடம் கேட்டார். மோர்ச்சோறு நாலு கவளம், அதன் நடுவே மூன்று மாத்திரை.

நின்டெடானிப் என்ற இன்னொரு மருந்தும் இருக்கிறது. அது வயிற்றுப்போக்கைத் தரக்கூடியது. இது ஒத்துவராவிட்டால் அதற்கு மாறலாம் என்கிறார் மருத்துவர். இப்போதைக்கு மாறவில்லை. ஓய்வூதியத்தில் ஒரு பங்கு மாதந்தோறும் மருந்துக்கடைக்குப் போகிறது. ஒரு கிலோமீட்டராயிருந்த நடை, ஒரு மரத்தடிக் கல்வரை என்று சுருங்கியிருக்கிறது. அங்கே அமர்ந்து விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்ப்பார். 93 காட்டினால் திரும்பி நடப்பார், 90க்குக் கீழே போனால் அது ஏறும்வரை மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலூரில் அடுத்த ஊதல் பரிசோதனை வரும் மாதம்.