பேசோஃபில்: 00

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நாம் முதலில் தேடுவது ஷுகர். அப்புறம் கொலஸ்ட்ரால். நடுவே ‘டிஃபரன்ஷியல் கவுன்ட்’ என்று ஐந்து வரி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. பாலிமார்ஃப், லிம்ஃபோசைட், ஈசினோஃபில், மானோசைட், கடைசியில் பேசோஃபில். அதற்கெதிரே பெரும்பாலும் 00 என்று போட்டிருக்கும். அடியோடு இல்லை என்று அர்த்தமில்லை. நூறு வெள்ளை அணுக்களை எண்ணினால் அதில் ஒன்று அகப்படுவதே சந்தேகம், அவ்வளவுதான்.

இவற்றுக்கு நிறம் பார்த்துப் பெயர் வைத்தவர் ஜெர்மானியரான பால் எர்லிக். 1879-ல், துணிக்குப் போடும் சாயங்களை ரத்தத்துளியின்மேல் போட்டுப் பார்த்தார். ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தைப் பிடித்துக்கொண்டது ஈசினோஃபில். காரத்தன்மையுள்ள நீலச் சாயத்தைப் பிடித்தது பேசோஃபில். இந்த இரண்டாவது ஆசாமியின் வயிறு நிறைய ஹிஸ்டமின் மூட்டைகள். உடம்பு முழுக்க ‘ஐஜிஇ’ என்ற எதிர்ப்புப் பொருளை ஒட்டிக்கொண்டு சுற்றும். ஒவ்வாத வஸ்து வந்து அதில் உரசினால் போதும், மூட்டை அவிழும். தும்மல், அரிப்பு, இளைப்பு.

ஈசினோஃபில் அதன் பங்காளி. அலர்ஜி என்றாலும், உடம்புக்குள் புழு என்றாலும் கூட்டமாக வந்து நிற்கும். ஸ்ரீரங்கத்தில் இதை ஹைஸ்கூல் பாடத்தில் யாரும் கற்றுக்கொள்ளவில்லை. ‘பையனுக்குக் கொஞ்சம் ஈஸ்னோஃபீலியா உண்டு, மத்தபடி தங்கம்’ என்று கல்யாணப் பேச்சிலேயே காதில் விழும்.

அறுபதுகளில் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த என் அத்தானுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு இருமல் ஆரம்பிக்கும். திண்ணையில் உட்கார்ந்து விடியும்வரை இளைப்பார். சாயங்காலம் லேசாக ஜுரம். உடம்பு இளைத்துவிட்டது. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் தெரிய, ஒரு டாக்டர் டி.பி. என்றுவிட்டார். தனித் தட்டு, தனி டம்ளர், படுக்கை கொல்லைப்புறத் தாழ்வாரத்துக்கு. இரண்டே வாரத்தில் அவர் தங்கைக்கு வந்திருந்த நல்ல வரன் தட்டிப்போனது. ‘அவாத்துல டி.பி.யாமே!’

பிற்பாடு புத்தூரில் வேறொரு டாக்டர் ரத்தத்தை எண்ணச் சொன்னார். நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் ஈசினோஃபில்! மூன்று வாரம் மாத்திரை. இருமல் போயே போச்சு. தட்டிப்போன வரன் திரும்பி வரவில்லை. அத்தையும் அந்தத் தனி டம்ளரை ரொம்ப நாள் மற்றதோடு சேர்க்கவில்லை.

அத்தான் ஒருத்தர் மட்டுமில்லை. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளி ஆரோக்கியவரம் டி.பி. சானடோரியத்தில், டாக்டர் ஃப்ரிமாட்-மோலர் என்ற டேனிஷ்காரரும் பார்ட்டனும் இந்த விசித்திரத்தைக் கவனித்தார்கள். டி.பி. என்று வந்தவர்களில் சிலருக்கு டி.பி.யே இல்லை, ஈசினோஃபில் மட்டும் ஏகத்துக்கு. 1940-ல் எழுதினார்கள். 1943-ல் வைன்கார்ட்டன் ‘டிராப்பிகல் ஈசினோஃபீலியா’ என்று பெயர் சூட்டினார். காரணம்தான் புரியவில்லை.

காரணம் சாக்கடையில் இருந்தது. அங்கே முட்டையிடும் க்யூலெக்ஸ் கொசு, யானைக்கால் புழுவை நம் உடம்பில் விட்டுப் போகிறது. அதன் குஞ்சுகள் ராத்திரியில் ரத்தத்தில் உலாவும். சிலர் உடம்பு மட்டும் இதற்கு அசாத்தியக் கோபம் கொண்டு, குஞ்சுகளை நுரையீரலில் மடக்கித் தீர்த்துக்கட்டுகிறது. அதனால் ரத்தத்தில் தேடினால் புழு கிடைக்காது. திருடன் ஆளைக் காணோம், போலீஸ் மட்டும் கும்பலாக நிற்கிறது! 1960-ல் வேலூர் சி.எம்.சி.யின் வெப், ஜாப், கால்ட் மூவரும் நோயாளிகளின் திசுக்களிலேயே அந்தக் குஞ்சுகளைக் காட்டினார்கள். 1979-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஓர் ஆராய்ச்சியில் நம் சென்னை டாக்டர் கே.வி. திருவேங்கடமும் ஒருவர். இந்த நோயாளிகளின் வெள்ளை அணுக்கள் யானைக்கால் புழுவின் சத்தைக் கண்டதும் ஹிஸ்டமினைக் கொட்டின. ரத்தத்தில் ஹிஸ்டமின் மூட்டை சுமப்பது யார்? ரிப்போர்ட்டில் 00 வாங்கும் நம்ம பேசோஃபில்தான்.

இதற்கு மருந்து டைஎதில்கார்பமசின். நாற்பதுகளில் அமெரிக்காவில் லெடர்லி கம்பெனியில் ‘ஹெட்ரசான்’ என்ற பெயரில் அதைக் கொண்டுவந்த குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அங்கி போட்டுக்கொண்டு ஆபரேஷன் வகுப்புக்குப் போனதில் வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார்.

இப்போது இந்த வியாதி வெகுவாகக் குறைந்துவிட்டது. பெயர் மட்டும் குறையவில்லை. மார்கழியில் யார் இருமினாலும் ‘ஈஸ்னோஃபீலியாவா இருக்கும்’ என்று பழைய மாத்திரையைத் தேடுகிறோம். ஈசினோஃபீலியா என்பது எண்ணிக்கையின் பெயர். ஆஸ்துமாவிலும் ஏறும், வயிற்றுப் புழுவிலும் ஏறும், சில மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் ஏறும். ஏன் ஏறியது என்பதை டாக்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும். டி.பி. இல்லையென்று நிச்சயம் செய்வதும் அதில் சேர்த்தி.

2004-லிருந்து யானைக்கால் ஒழிப்புக்காக வருஷத்துக்கொரு தரம் வீடு தேடி வந்து கொடுத்தார்களே, அது இதே மாத்திரைதான். ‘எனக்கென்ன யானைக்காலா?’ என்று பலபேர் வாங்கி அலமாரியில் போட்டார்கள். கொசு அவர்களையும்தான் கடித்தது.