செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு

பிப்ரவரி 24

பூப்பறிக்க மாடிக்குப் போனேன். செம்பருத்தியில் பறிக்க ஒன்றுமில்லை. மொட்டெல்லாம் கோணிக்கொண்டு நிற்கிறது. ஒரு கிளையை வளைத்துப் பார்த்தால் கணுவுக்குக் கணு வெள்ளைப் பஞ்சு. நகத்தால் கீறினேன், இளஞ்சிவப்பாய் ஒட்டிக்கொண்டது. மாவுப்பூச்சிதான்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டது இங்கேதான். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தோட்டம் தோட்டமாக வெளுத்துப் போனது. எந்த மருந்துக்கும் அடங்காத அதைக் கடைசியில் அடக்கியவை, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து 2010-ல் விடப்பட்ட மிகச் சிறிய குளவிகள்.

பிப்ரவரி 25

பக்கத்து வீட்டு அம்மா மேலே வந்தார். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டங்காட்டில் வளர்ந்தவர். செடியை விட்டுவிட்டு நேராகத் தொட்டியடியைப் பார்த்தார்.

"எறும்பு வரிசையா ஏறுது பாரு கண்ணு. மொதல்ல அதைய நிறுத்து. அப்பறம் மருந்தடிக்கலாம்."

மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை வெளியேற்றுகிறது. அதைக் குடிக்க வரும் எறும்பு, பூச்சியைத் தின்ன வருபவற்றை விரட்டிக் காவல் நிற்கிறது. செடியைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். இரும்பு ஸ்டாண்டின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன். மோசமான மூன்று கிளைகளை வெட்டி சோப்புத் தண்ணீரில் போட்டேன். மட்கும் குப்பையில் போட்டால் மறுபடி ஏறிவிடும்.

பிப்ரவரி 26

வேப்பெண்ணெய்க் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு எண்ணெய் 5 மில்லி. சிறிது காதி சோப்பைச் சீவி முதலில் அரை டம்ளர் வெந்நீரில் கரைத்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பால் மாதிரி வெளுக்கும்வரை கலக்க வேண்டும். பிறகுதான் மீதித் தண்ணீர். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் கரைசல் ஆகவில்லை என்று அர்த்தம். அப்படியே அடித்தால் இலை கருகும்.

வெயில் தாழ்ந்து ஐந்தரைக்கு மேல் அடித்தேன். வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். தண்டு, கணு, இலையின் அடிப்புறம் எல்லாம் நனைந்தன.

மார்ச் 5

இரண்டாம் முறை. பஞ்சுப் பொதிக்குள் இருக்கும் முட்டையைக் கரைசல் தொடாது. பொரித்து வரும் குஞ்சுக்காக ஒரு வாரம் கழித்து மறுபடி அடித்தே ஆக வேண்டும். ஒரே தெளிப்பில் பூச்சி செத்து விழவில்லை என்று சலித்துப்போய் ரசாயன மருந்துக்குப் போகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வேம்பு பூச்சியின் பசியைக் கெடுக்கும், தோலுரிப்பைத் தடுக்கும், அதற்கு நாளாகும்.

அதற்காக, வீட்டில் செய்தது எதையும் எப்போதும் அடிக்கலாம் என்றும் இல்லை. போன வருடம் இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்க் கரைசலைக் காரமாக அரைத்து, பதினோரு மணி வெயிலில் வெண்டைக்கு அடித்தேன். மறுநாள் இலை விளிம்பெல்லாம் தீய்ந்திருந்தது. புகையிலைக் கஷாயத்தை நான் வீட்டில் வைப்பதே இல்லை. நிகோடின் விஷம், குழந்தை இருக்கும் வீடு இது.

மார்ச் 12

கணுவில் பெரிதாக ஒரு மாவுப்பூச்சி. வழித்தெடுக்கப் பஞ்சை நீட்டினேன், அது விறுவிறுவென்று நகர்ந்தது. மாவுப்பூச்சி இப்படி ஓடாதே! கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். உடம்பெங்கும் வெள்ளை மெழுகு நூல், பார்க்க அசல் மாவுப்பூச்சி. ஆனால் ஒரு முட்டைப்பொதியில் தலையைப் புதைத்துத் தின்றுகொண்டிருந்தது. கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு! 1898-லேயே காப்பித் தோட்டங்களுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த வண்டு. தேடியதில் இன்னும் நான்கு இருந்தன. எறும்பு இல்லாததால் தைரியமாக வந்திருக்கின்றன. நசுக்கியிருப்பேனே என்று நினைக்கவே கை நடுங்கியது. ஸ்ப்ரேயரை உள்ளே வைத்துவிட்டேன்.

மார்ச் 15

பூசணி இலையில் சாம்பல் நோய். ஒரு பங்கு பால், ஒன்பது பங்கு தண்ணீர், காலை வெயிலில் தெளித்தேன். பிரேசிலில் பூசணி இனச் செடியில் சோதித்து 1999-ல் வெளியிட்ட முறை. வாரம் ஒருமுறை போதும்.

மார்ச் 28

செம்பருத்தியில் ஏழு பூ. இரண்டு கணுவில் மட்டும் பஞ்சு. செம்பழுப்புத் தலையோடு ஒரு கருவண்டு இலையில் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாம் தெளிப்புக்கு எடுத்து வைத்த வேப்பெண்ணெய் அப்படியே இருக்கிறது.