முதுகைப் பாருங்க பாஸ்!

வேலூர், ஆம்பூர்னா தோல்ஷாப்பும் பிரியாணியும் மட்டும்தானா? காலேஜ் வேப்பமரத்தைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க. 'சிப்... சிப்...'னு விடாம கத்துதா? முதுகுக் கோடுகளை எண்ணுங்க. மூணுன்னா நம்ம ஊர் அணில். வட இந்திய அணிலுக்கு அஞ்சு கோடு! ராமர் மூணு விரலால தடவின கதையை டெல்லிப் பாட்டிங்க எப்படிச் சமாளிப்பாங்களோ?

அப்படியே ஜவ்வாது மலைப் பக்கம் போனா, இன்னும் உஷாரா இருங்க. கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அச்சு அசல் அணில் மாதிரியே ஒண்ணு, தரையில் பூச்சி தேடித் திரியும். கூர்மூக்கு, முதுகில் கோடே கிடையாது, தோளில் மட்டும் வெளிறிய கீற்று. அது அணிலே இல்லை, 'மூங்கில் அணத்தான்'! 1913-ல் விஞ்ஞானம் அதன் பேரினத்துக்கு வெச்ச பேர் 'அனத்தானா'. அச்சுல ஏறினது நம்ம தமிழ்ச் சொல். அதைப் பார்த்தும் நாமே 'அணில்'னு சொல்லிட்டுப் போனா எப்படி?